சுவரைச் சுரண்டுகிறாள், செருப்பை அடுக்குகிறாள்

கேள்வி: டாக்டர், பெரம்பூரில் பழைய வீடு ஒன்றின் முதல் மாடியில் மாமனார் மாமியாருடன் குடியிருக்கிறோம். மகளுக்கு இரண்டு வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. பிறந்த நாளிலிருந்து அவள் செய்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கீரை கடையும் மத்துதான் அவளுக்குப் பொம்மை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசையாக அடுக்குவாள். அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டால் அவருடைய வீட்டுச் செருப்பைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடுவாள். பிடிக்காதவர்கள் வீட்டுக்கு வந்தால் அவர்கள் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போட்டு 'டாட்டா' சொல்லிவிடுவாள். தன்னைத் தூக்கச் சொல்ல, கையை நீட்டி 'தூக்கிக்கவா?' என்பாள். ஏதாவது வேண்டுமென்றால் 'இந்தா' என்பாள். பஸ், ஆட்டோ, ரயில் எல்லாமே 'பச்சு'தான். 'அப்பா ஆபீச்', 'பாட்டி வா' என்று இரண்டிரண்டு வார்த்தையாகப் பேசுகிறாள். கட்டிலோரச் சுவரில் பொரிந்து நிற்கிற சுண்ணாம்பை நகத்தால் பெயர்த்து வாயில் போட்டுக்கொள்வாள். நான் பார்த்துவிட்டால் வாயை இறுக்க மூடிக்கொண்டு ஒரு திருட்டுமுழி முழிப்பாள், சிரிப்பு வந்துவிடும். 'கால்சியம் பத்தல, அதான் சுண்ணாம்பு கேக்குது, இன்னொரு பாட்டில் பால் குடு' என்கிறார் மாமியார். சோறு நாலு வாய்க்கு மேல் இறங்காது. 200 மில்லி பாட்டிலில் நாளைக்கு ஐந்து முறை பால் குடித்துவிடுவதால் சமாளிக்கிறோம். பிறந்தபோது எடை 2.9 கிலோ, ஒரு வயதில் 9.1, இப்போது 11.2. போன வாரம் வந்த நாத்தனார், செருப்பு அடுக்குவதைப் பார்த்துவிட்டு 'இது ஆட்டிசம் மாதிரி இருக்கு அண்ணி, வீடியோல பாத்திருக்கேன்' என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நோட்டையும் தொடவில்லை.

பதில்: நோட்டை மறுபடியும் எடுங்கள் அம்மா. விட்டுப்போன ஒரு வாரத்தை ஞாபகத்திலிருந்து எழுதி நிரப்புங்கள். என்னிடம் வருகிற பெற்றோரில் பலருக்கு, குழந்தை எந்த மாதம் உட்கார்ந்தது என்று கேட்டாலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நீங்கள் மூன்று எடையைத் தசமப் புள்ளியோடு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை தந்தது செருப்பு இல்லை, நீங்கள் சிரித்துவிட்டுக் கடந்துபோன சுவர்ச் சுண்ணாம்பு. அதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். ஆனால் மனதைச் செருப்பு அரித்துக்கொண்டிருக்கும்போது வேறெதுவும் காதில் ஏறாது. அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பொருள்களை வரிசையாக அடுக்குவது இரண்டு வயதில் எத்தனையோ பிள்ளைகள் செய்வது. கிண்ணம், கிளிப், புளியங்கொட்டை, கையில் கிடைத்ததை அடுக்குவார்கள். அதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த விளையாட்டுக்குள் மனிதர்களுக்கு இடம் இருக்கிறதா என்றுதான் நாங்கள் பார்ப்போம். உங்கள் மகள் அடுக்குகிற செருப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருக்கிறார். எது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வண்டிச் சத்தம் கேட்டால் அப்பா, அப்பா வந்தால் வீட்டுச் செருப்பு என்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள். கிளம்புகிறவர்கள் செருப்பு மாட்டுவார்கள் என்பதைக் கவனித்து, செருப்பைக் கொண்டுவந்து போட்டால் கிளம்பிவிடுவார்கள் என்று கணக்குப் போடுகிறாள். வந்தவருக்கு அது சங்கடம்தான். ஆனாலும் அந்தக் கணக்கில் எவ்வளவு கவனிப்பு இருக்கிறது பாருங்கள். நீங்கள் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிறாளே, அதிலும் இதுதான் இருக்கிறது. அம்மாவின் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிகிறது.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. அவள் விரல் நீட்டிக் காட்டுகிறாளா? பிஸ்கட் டப்பா வேண்டும் என்று காட்டுவதைக் கேட்கவில்லை. தனக்கு எதுவும் வேண்டாமலே, 'அங்க பாரேன்' என்பதற்காகக் காட்டுவது. இன்று ராத்திரி மொட்டைமாடிக்குத் தூக்கிப் போங்கள். நிலா இருந்தால் நிலா, இல்லாவிட்டால் விமானம், எதிர்வீட்டுக் கூரையில் பூனை, எதுவானாலும் சரி. நீங்களாக எதையும் காட்டாதீர்கள். அவள் அதைப் பார்த்து, விரலை நீட்டி, உடனே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். நிலா, உங்கள் முகம், மறுபடி நிலா. அந்த ஒரு திரும்பலுக்கு எங்கள் துறையில் பெரிய மதிப்பு. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று நிலாவைக் காட்டி விளையாட அழைப்பதற்கே ஒரு பருவம் ஒதுக்கி வைத்தார்கள். குழந்தையும் தாயும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைப் பார்க்கிற வயது அது என்பதை அவர்கள் எவ்வளவு கூர்ந்து கண்டிருக்க வேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கூப்பிட்டால் திரும்புகிறாளா, உங்களைப் பார்த்துச் செய்து காட்டுகிறாளா, பொம்மைக்குச் சோறூட்டுவது போல ஏதாவது பாவனை விளையாட்டு உண்டா என்பதையும் பாருங்கள். 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு, ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க, எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் இருக்கிறது. எந்தக் குழந்தை மருத்துவரும் பத்து நிமிடத்தில் கேட்டு முடித்துவிடுவார். மொட்டைமாடியில் நான் சொன்னது நடக்கவில்லை என்றாலோ, பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் காணாமல் போனாலோ, 'மூணு வயசு வரைக்கும் பாக்கலாம்' என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். நாத்தனார் மேலும் வருத்தம் வேண்டாம். மனதில் பட்டதை மறைக்காமல் சொன்ன அத்தை பிள்ளைக்குத் தேவைதான்.

பேச்சைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'தூக்கிக்கவா?' என்று ஏன் கேட்கிறாள்? அவளைத் தூக்கப் போகும்போதெல்லாம் நீங்கள் அதைத்தானே கேட்கிறீர்கள்! அந்தச் சொல் வந்தால் தான் இடுப்பில் ஏறிவிடுவோம் என்பது அவள் கண்ட உண்மை. 'இந்தா'வும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை ஒரு பொருள் கைக்கு வரும்போதும் காதில் விழுந்த சொல் 'இந்தா'. ஆகவே பொருள் வரவேண்டும் என்றால் 'இந்தா' சொல்ல வேண்டும். கொடுக்கிறவர் வாயில் ஒன்று, கேட்கிறவர் வாயில் வேறொன்று என்பது பிடிபட இன்னும் சில மாதம் ஆகலாம். திருத்த வேண்டாம். 'தூக்கிக்கோம்மான்னு சொல்றியா, வா' என்று அவள் பக்கத்து வாக்கியத்தை நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டுத் தூக்குங்கள். மூன்று வயதை நெருங்கியும் மாறவில்லையென்றால் அப்போது பேசுவோம். எல்லா வண்டியும் 'பச்சு' ஆவதும் இயல்பு. கையில் உள்ள ஒரே சொல்லை நீட்டி நீட்டிப் பயன்படுத்துகிறாள். இரண்டு வார்த்தையைச் சேர்த்துப் பேச வேண்டிய வயதில் சேர்த்துவிட்டாள்.

சார்லஸ் டார்வினும் உங்களைப் போல ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். 1839-இல் பிறந்த தன் மூத்த மகன் எப்போது கோபப்பட்டான், கண்ணாடியைப் பார்த்து என்ன செய்தான் என்றெல்லாம் எழுதி வைத்து, 1877-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அந்தப் பிள்ளை சரியாக ஒரு வயதில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், சாப்பாட்டுக்குத் தானே ஒரு சொல் வைத்துக்கொண்டானாம். அந்தச் சொல் 'மம்'. நம் வீடுகளில் 'மம்மு' சாப்பிடாத குழந்தை உண்டா? எங்கிருந்து வந்தது அந்தச் சொல் என்று தனக்குப் பிடிபடவில்லை என்று டார்வினே எழுதியிருக்கிறார்.

இனி சுவருக்கு வருவோம்.

சென்னையின் பழைய வீடுகளில், ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்து, சுவர் பூத்துப் பொரிந்து செதில் செதிலாக உதிரும். கைக்கு எட்டியதை எல்லாம் வாயில் வைத்துப் பார்ப்பது ஒரு வயதில் சகஜம். இரண்டு வயது முடிந்த பிள்ளை, ஒரே இடத்தைத் தேடிப் போய், நகத்தால் பெயர்த்து, விழுங்குவதற்காகவே தின்கிறாள் என்றால், அதுவும் ஒரு மாதத்துக்கு மேல் தொடர்கிறது என்றால், அதைக் குறும்புக் கணக்கில் சேர்க்க முடியாது. மண், சாம்பல், சாக்பீஸ், சிலேட்டுக்குச்சி, பச்சரிசி, ஐஸ் என்று இந்தத் தேட்டம் ஒவ்வொரு பிள்ளைக்கு ஒவ்வொரு விதமாக வரும். இதற்குப் பின்னால் பெரும்பாலும் நாங்கள் காண்பது இரும்புச்சத்துக் குறைவு. மண் தின்கிற பிள்ளையைப் பார்த்தால் 'சோகை பிடிச்சிருக்கு' என்று சொல்கிற பாட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். சரியாகத்தான் சொன்னார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள், உங்கள் மகள் வயதுதான். சளி என்று வந்தார்கள். பரிசோதித்துக்கொண்டிருக்கும்போது அவன் உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கேட்டதும் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். பூஜையறையில் விபூதிச் சம்படத்தைத் திறந்து அள்ளி அள்ளித் தின்பானாம். 'எங்க வீட்ல ஒரு சின்னச் சாமியார் டாக்டர்' என்றார் தாத்தா, பெருமையாக. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே சிவப்பே இல்லை. வெளுத்த காகிதம் மாதிரி இருந்தது. ஹீமோகுளோபின் 7. சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் சம்படத்தின் பக்கமே அவன் போகவில்லை. அன்றிலிருந்து, வீட்டார் சிரித்துக்கொண்டே சொல்கிற பழக்கம் எதுவானாலும் நான் ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன்.

உங்கள் மாமியார் பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். சுண்ணாம்பு தின்றால் சுண்ணாம்புச்சத்து குறைவு என்று நினைப்பதும் கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு ஒரு லிட்டர் பால் குடிக்கும் குழந்தைக்குக் கால்சியம் குறைய வழியில்லை. அந்தப் பால்தான் இங்கே சிக்கலே. ஒரு லிட்டர் பாலில் இரும்புச்சத்து 1 மில்லிகிராம்கூடத் தேறாது. இந்த வயதில் நாளைக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் உணவில் இருக்க வேண்டும். சோற்றிலும் கீரையிலும் இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பாலில் உள்ள கால்சியம் தடுக்கும். அதோடு, ஒரு லிட்டர் பாலில் 600, 700 கலோரி வந்துவிடும். அவளுக்கு நாள் முழுக்க வேண்டியதே ஆயிரத்தை ஒட்டித்தான். பாதி வயிற்றுக்கு மேல் பாலால் நிறைந்திருக்கும்போது நாலு வாய்க்கு மேல் சோறு எப்படி இறங்கும்? சோறு இறங்கவில்லை என்று பால், பால் குடித்ததால் சோறு இறங்கவில்லை, சுவரைச் சுரண்டுகிறாள் என்று இன்னொரு பாட்டில். வீட்டில் எல்லாரும் நல்லது நினைத்தே இந்தச் சுற்று நடந்துகொண்டிருக்கிறது.

எடையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. முதல் வருடம் 6 கிலோ ஏறியவள் அடுத்த வருடம் 2 கிலோதான் ஏறியிருக்கிறாள் என்பது நோய் இல்லை, ஒரு வயதுக்குப் பிறகு எல்லாப் பிள்ளைக்கும் வளர்ச்சி வேகம் குறையும், பசியும் கூடவே குறையும். 11.2 இந்த வயதுப் பெண் குழந்தைக்கு நல்ல எடை. ஆனால் எடை சரியாக இருந்துகொண்டே இரத்தசோகை இருக்கலாம். பால் குடித்து வளர்கிற பிள்ளை கொழுகொழுவென்றுகூட இருக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்தியா முழுவதும் நூற்றுக்கு 67 பேருக்கும், தமிழ்நாட்டில் 57 பேருக்கும் இரத்தசோகை இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இப்படித்தானே இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இந்த வயதில் மூளை வேகமாக வளர்கிறது, அதற்கு இரும்பு வேண்டும். குறைவு நீடித்தால் கவனமும் கற்பதும் பாதிக்கப்படும். இதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்த வாரமே ஒரு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். எழும்பூர் அரசுக் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனாலும் சரி, உங்கள் டாக்டரிடம் போனாலும் சரி, சுவர் தின்னும் விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 11 கிராமுக்குக் கீழே இருந்தால் எடைக்குத் தகுந்தாற்போல் இரும்பு மருந்து எழுதித் தருவார்கள். அளவு ஏறியதும் நிறுத்திவிடாமல், உடம்பில் இருப்புச் சேர இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும். மருந்தைப் பாலோடு கொடுக்க வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பல்லில் கறை படியாமல் இருக்க, கொடுத்ததும் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள். மருந்துப் பாட்டிலை மேல் அலமாரியில் பூட்டி வையுங்கள். இனிப்பாக இருக்கிறதே என்று குழந்தை மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, அவ்வளவு வீரியமான மருந்து அது.

சுவரில் இன்னொரு பயமும் இருக்கிறது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழைய வீட்டுச் சுவரில் அதற்கு முன் அடித்த பூச்சு எத்தனை அடுக்கு இருக்கிறதோ, அதில் என்ன இருந்ததோ! வெறும் சுண்ணாம்பு அடித்த சுவரென்றால் அந்தக் கவலை குறைவு. மேலே பெயின்ட் அடித்திருந்தால் இரத்தத்தில் ஈய அளவையும் பார்த்துவிடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். இரும்பு குறைவாக உள்ள உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்ப்பது நல்லது. கட்டிலை இன்றே சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். உதிர்வதை உலர்ந்தபடி சுரண்டினால் தூசி வீடெல்லாம் பறக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து எடுத்து, ஈரத் துணியால் தரையைத் துடையுங்கள். அந்த நேரத்தில் குழந்தை வீட்டில் இருக்கக் கூடாது. பூசித் தரச் சொல்லி ஹவுஸ் ஓனரிடம் கேட்கும்போது 'குழந்தை தின்னுது' என்ற காரணத்தையே சொல்லுங்கள். குழந்தைக்குக் கண்மை இடுகிறீர்கள் என்றால் அதையும் நிறுத்திவிடுங்கள், சிலவற்றில் ஈயம் கலந்திருப்பது உண்டு.

பாலை ஒரே நாளில் வெட்ட வேண்டாம், வீடு ரெண்டுபடும். முதலில் தூக்கத்தில் கொடுக்கும் பாட்டில் ஏதாவது இருந்தால் அதை நிறுத்துங்கள், பல் சொத்தைக்கும் அது ஒரு காரணம். பிறகு மூன்று நாளைக்கு ஒரு பாட்டில் வீதம் குறைத்துக்கொண்டே வந்து, நாளைக்கு மொத்தம் 400, 500 மில்லியில் நிறுத்துங்கள், அதையும் டம்ளரில். முதல் சில நாள் அழுவாள். சோற்றுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால், நாலு வாய் எட்டாகும். முருங்கைக்கீரை, கம்பு, பாசிப்பயறு, எள்ளுருண்டை எல்லாம் நல்லது. கீரைச் சாதத்தில் கடைசியாக நாலு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள், அந்தப் புளிப்பு இரும்பு சேர உதவும். அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஈரலோ சுவரொட்டியோ (ஆட்டு மண்ணீரல்) ஒரு துண்டு வாங்கி, நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுங்கள். கீரையிலிருப்பதைவிட அந்த இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்று அதையே நம்பியிருக்க வேண்டாம், அதில் இரும்பு குறைவு. இரத்தசோகை இருந்தால் சாப்பாடு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். 'நீங்கள் சொன்னது தப்பு' என்று தொடங்காதீர்கள். பரிசோதனைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும். கீரை கடைகிற கை அவருடையதுதானே.

நோட்டில் இன்றிலிருந்து இரண்டு விஷயம் கூடுதலாக எழுதுங்கள். எத்தனை மில்லி பால் குடித்தாள், சுவரிடம் எத்தனை முறை போனாள். சிகிச்சை தொடங்கியபின் இரண்டாவது எண் தானாக இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். ஒவ்வொரு குறும்புக்கும் பக்கத்தில், செய்துவிட்டு யார் முகத்தைப் பார்த்தாள் என்பதையும் ஒரு வார்த்தையில் குறித்து வையுங்கள்.

மத்து இருக்கட்டும். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தில் அம்மாவுக்குப் பதிலாகப் பிடித்துக்கொள்ள ஒரு பொருளைத் தேர்ந்துகொள்வது இந்த வயதுப் பிள்ளைகளின் இயல்பு. பெரும்பாலும் அம்மா புடவையாக இருக்கும், தலையணை உறையாக இருக்கும், இவளுக்கு மத்து. வாயில் வைத்துக்கொண்டு ஓட மட்டும் விடாதீர்கள், விழுந்தால் அண்ணத்தில் குத்திவிடும். சமையலுக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரத்தம் எடுக்கப் போகும்போது அதை மறக்காமல் எடுத்துப் போங்கள், ஊசி போடாத கையில் அவள் பிடித்துக்கொள்ளட்டும்.